அகப்பைக் காம்பால் அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் நிலாவெளியில் சிறிய விடுதி நடத்துகிறோம். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த ஒரு பெட்டைக்குதிரையை இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கினோம். 7 வயது. நிறத்தைப் பார்த்து செவலை என்றே கூப்பிடுகிறோம். 15 வயது மகள்தான் ஏறி ஓட்டுகிறாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டில்டா கார்ல்சன் இலங்கைக்காகக் குதிரையோடு இறங்கியதைப் பார்த்த நாளிலிருந்து பிள்ளைக்கு இதே நினைவு. கொழும்பில் நடக்கும் டிரெசாஜ் என்ற குதிரை நடைப் போட்டியில் தொடக்கப் பிரிவில் சேர ஆசைப்படுகிறாள். குதிரை நல்ல குணம், ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. வாரைக் கொஞ்சம் பிடித்தாலே தலையைத் தூக்கி ஆட்டும். நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிலவேளை பிடித்ததும் ஓட்டமெடுக்கும். கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் கிடக்கும் இரும்பு, அதுதான் பிட், இதுவரை மூன்று வாங்கிவிட்டோம். கடைசியாக, 'மிகவும் மென்மையானது' என்று போட்டிருந்ததால் 20 மில்லிமீற்றர் தடிப்பில், ஐந்தரை அங்குல நீளத்தில் ஒன்று எடுப்பித்தோம். அதில் இன்னும் மோசம். போட்டியிலும் அனுமதிக்கக்கூடிய, இந்தக் குதிரைக்குப் பொருந்தக்கூடிய பிட் எது?
— ஒரு தாய், நிலாவெளி

பதில்: தங்கச்சி, நாலாவது பிட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். 'தடிப்பானதைப் போட்டோம், இன்னும் மோசம்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

அந்த வரியை வாசித்ததும் எனக்கு என் பழைய கூத்துத்தான் ஞாபகம் வந்தது. நான் தம்பலகாமத்து வண்டில்காரரின் மகன். மாட்டோடு வளர்ந்தவன், குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே வளைகுடாவுக்குப் போன பிறகுதான். அங்கே ஒரு லாயத்தில் 17 வருடம் வேலை. போன புதிதில் ஒரு சாம்பல் நிற அரபுப் பெட்டைக்குதிரையை என் பொறுப்பில் விட்டார்கள். மெல்லிய பிட் வாயை வெட்டும், தடித்தது மெத்தை மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெட்டியில் கிடந்ததிலேயே பெருத்ததைத் தேடி எடுத்து மாட்டினேன். குதிரைக்கு நன்மை செய்கிறேன் என்று எனக்குள் பெரிய பெருமை வேறு. ஒரு கிழமைக்குள் அது தலைவாரைக் கண்டாலே மூலையில் போய்த் திரும்பி நிற்கத் தொடங்கிவிட்டது.

லாயத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார், பெஷாவர் பக்கத்து மனிதர். திட்டவில்லை. "உன் பெருவிரலை நீட்டுவாட்டில் இல்லை, குறுக்காக வாய்க்குள் வை. நாக்குக்கு மேலே. இப்போது வாயை மூடு. இப்போது எச்சிலை விழுங்கு" என்றார். நீங்களும் செய்து பாருங்கள். என்னால் விழுங்க முடியவில்லை. நாக்கு போக இடமில்லாமல் பின்னால் இழுத்துக்கொண்டது. செவலை செய்வதும் அதைத்தான்.

குதிரை கொட்டாவி விடும்போது பார்த்தால் வாய் பெரிய குகை மாதிரி இருக்கும். மூடிய பிறகு உள்ளே வெற்றிடம் என்று ஒன்று கிடையாது, மேலண்ணம்வரை நாக்கு நிறைந்து கிடக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத வெற்று ஈறு ஒன்று உண்டு. பிட் கிடக்க வேண்டிய இடம் அது. ஆனால் உண்மையில் அது ஈறில் மட்டும் கிடப்பதில்லை, நாக்கை அமுக்கிக்கொண்டுதான் கிடக்கிறது. ஹிலரி கிளேட்டன் என்ற ஆய்வாளர் பிட் போட்ட குதிரைகளின் வாயை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் காட்டியதும் இதையே. அரபு, பந்தயக் குதிரை வகைகளுக்குப் பெரும்பாலும் தலை சிறுத்து, வாயும் ஒடுங்கி இருக்கும். அந்த வாய்க்குள் 20 மில்லிமீற்றர் இரும்பு!

சரி, வரிசையாகப் போவோம். முதலில் பல்.

பிட்டைக் கழற்றி வைத்துவிட்டு மிருக வைத்தியர் ஒருவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். மேல் கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால், கச்சான் கொட்டை அளவில் ஒரு சின்னப் பல் சில குதிரைகளுக்கு இருக்கும். ஓநாய்ப் பல் என்பார்கள். ஒன்றுக்கும் உதவாத பல், ஆனால் பிட் வந்து இடித்தால் உயிர் போகும். அதைவிட, கடைவாய்ப் பல்லின் ஓரங்கள் தேய்ந்து கூராகி, கன்னத்தின் உட்பக்கத்தைக் கீறிக்கொண்டிருக்கும். மூக்குப்பட்டியை இறுக்கினால் கன்னம் அந்தக் கூரிலேயே போய் அழுந்தும். வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து அரத்தால் ராவிவிடுவார். வருடம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய வேலை இது. எங்கள் மாவட்டத்து வைத்தியர்கள் நாள் முழுவதும் மாடும் ஆடும் பார்ப்பவர்கள். குதிரைப் பல்லுக்கான அரமும் வாய்த்திறப்பானும் எல்லோரிடமும் இருக்காது. அவர்கள் மூலமாகவே பேராதனை மிருக வைத்திய பீடத்தில் விசாரித்துப் பாருங்கள். கூடவே சேணம் முதுகில் எங்கே அழுத்துகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு நோகிற குதிரை வாயால்தான் முறையிடும்.

பல்லில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு அளவு. இதற்கு ஒரு கடைக்கும் போக வேண்டாம், குசினிக்குப் போங்கள். பழைய சிரட்டை அகப்பை ஒன்றின் காம்பைக் கழற்றுங்கள். மரக்காம்பு, உருண்டையாக, சிலும்பு இல்லாமல் இருக்க வேண்டும். அதைக் குதிரையின் வாயில் பிட் கிடக்கும் இடத்தில் குறுக்காக வையுங்கள். மகள் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். உதடு இயல்பாகக் கிடக்கும்போது இரண்டு பக்கமும் உதட்டின் வெளி ஓரத்தில் பேனையால் கோடு போடுங்கள். பிறகு எடுத்து அளவுகோலில் அளந்தால் வாயின் அகலம் தெரியும். சுருங்கும், வளையும் என்பதால் நூல் வேண்டாம். அந்த அளவோடு பக்கத்துக்கு 5 மில்லிமீற்றர் அளவு கூட்டினால் பிட்டின் நீளம். காம்பில் 115 மில்லிமீற்றர் வந்தால் 125 எடுக்கலாம், அதாவது ஐந்து அங்குலம். உங்கள் ஐந்தரை அங்குலம் ஏறக்குறைய 140 மில்லிமீற்றர். நான் செவலையைப் பார்க்கவில்லைதான், ஆனாலும் பந்தயக் குதிரைக்கு அது பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீளம் கூடிய பிட் ஒரு வாரைப் பிடித்ததும் அந்தப் பக்கமாக வழுக்கி ஓடும். நடுவில் கிடக்க வேண்டிய மூட்டு ஒரு பக்கத்து ஈறின் மேல் போய்க் குந்திக்கொள்ளும். தலையை ஆட்டாமல் என்ன செய்யும்?

தடிப்பை அறிய, உதட்டோரத்தை மெல்ல விலக்கி, வாயைத் திறக்க விடாமல், பல் இல்லாத அந்த இடத்தில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரலும் நெரிபட்டால் உள்ளே இடம் குறைவு, தடித்த பிட் அதற்கு ஆகாது. பழக்கமில்லை என்றால் இதை வைத்தியரே செய்யட்டும். கடைவாய்ப் பல் பக்கம் விரல் போனால் விரல் உங்களுடையது இல்லை.

இனி எது வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். உங்களிடம் இருக்கும் மற்ற இரண்டும் என்ன வகை என்று எழுதவில்லை. பெரும்பாலும் நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்னாபிளாக, அதாவது பக்க வளையத்திலேயே வாரைப் பூட்டும் சாதாரணப் பிட்டாக இருக்கும், எங்கும் கிடைப்பது அதுதான். இரண்டு வாரையும் பிடித்தால் அது நடுவில் மடியும். சில குதிரைக்கு ஒன்றும் இல்லை. மேலண்ணம் தாழ்ந்த, நாக்கு பருத்த குதிரைக்கு அது பிடிக்காது. செவலை போல நாக்கை இழுக்கும் குதிரைக்கு நான் முதலில் போட்டுப் பார்ப்பது, நடுவில் பயற்றங்கொட்டையைப் பெருப்பித்தது போல உருண்டை மணி வைத்து இரண்டு மூட்டு உள்ள ஸ்னாபிள். 14 மில்லிமீற்றர், கறை பிடிக்காத எஃகு. பக்க வளையம் பிட்டோடு ஒட்டிப் பொருத்தியதாக, முட்டை வடிவில் இருக்கட்டும். வளையம் துளைக்குள் சுழலும் வகை கையின் சின்ன நடுக்கத்தையும் வாய்க்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தொட்டாற்சிணுங்கிக்கு அந்தத் தொணதொணப்பு வேண்டாம். அதிலும் மூட்டு ஆடுவதே பிடிக்கவில்லை என்று தெரிந்தால், மூட்டே இல்லாமல் நாக்குக்கு இடம் விட்டு லேசாக வளைந்த ஒரே தண்டு. சில குதிரைகள் அதில் பெருமூச்சு விட்டு அமைதியாகிவிட்டதைக் கண்டிருக்கிறேன். சில, அதன் மேல் சாய்ந்து படுத்துவிட்டதையும் கண்டிருக்கிறேன்.

இணையத்தில் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. இரண்டு மூட்டுக்கு நடுவில் தட்டையான தகடு வைத்தவை இரண்டு வகை உண்டு. பிரெஞ்சு லிங்க் என்பதில் தகடு நாக்கின் மேல் படிந்து கிடக்கும். டொக்டர் பிரிஸ்டல் என்பதில் தகடு சாய்வாக நின்று விளிம்பால் நாக்கை அழுத்தும். படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பின்னதை டிரெசாஜ் போட்டியில் விடமாட்டார்கள், செவலைக்கும் அது வேண்டாம்.

புதுப் பிட் வந்ததும் அன்றே ஏறி ஓட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் லாயத்தில் பத்து நிமிடம் சும்மா போட்டுவிட்டு நில்லுங்கள். வாயோரம் மெல்ல அசைந்து, உதட்டில் கொஞ்சம் நுரை வந்தால் நல்லது. பிறகு கையில் பிடித்து நடத்துங்கள், பிறகு ஏறுங்கள். வாயோரத்தில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். மெல்லிய உதட்டில் இரண்டு சுருக்கம் விழுந்தால் இழுவைதான். பல்லில் முட்டாமல், தொங்கித் துள்ளாமல் இருந்தால் சரி. நோவின் அடையாளம் தெரிந்தால் உடனே கழற்றுங்கள். இல்லையென்றால் மூன்று கிழமையாவது ஒரே பிட்டில் இருங்கள். பிட்டையும் மூக்குப்பட்டியையும் சேணத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

நிலாவெளியில் இருப்பதால் இன்னும் இரண்டு. கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்தால் பிட்டின் மூட்டை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு குறுமணல் போதும், மூட்டுக்கும் உதட்டுக்கும் நடுவில் அரைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் உப்புவெளியில் ஒரு பிள்ளையின் மட்டக்குதிரைக்கு வாயோரத்தில் ஆறாமல் கிடந்த புண்ணுக்குக் காரணம் அதுதான், கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. மற்றது வெயில். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் வேலியில் தொங்கிய பிட்டைப் பதினொரு மணிக்கு எடுத்துப் பாருங்கள், தோசைக்கல்தான். வாயில் வைக்கும் முன் உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவது மகளைப் பற்றி. கோபிக்க வேண்டாம். தலைவாரைக் குதிரையில் மாட்டாமல் வெளியே எடுங்கள். நீங்கள் கதிரையில் இருந்து பிட்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். மகள் பின்னால் நின்று வாரைப் பிடித்து, செவலைமேல் இருப்பதாக நினைத்து நிற்க, நடக்க, திரும்பச் சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு விளங்கிவிடும். எங்கள் முற்றத்தில் அந்த மட்டக்குதிரைப் பிள்ளையோடு இதைச் செய்தபோது, வலது கை எப்போதும் ஒரு பிடி கூடுதலாக இழுப்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அதுவரை தெரியாது. உங்கள் மகளிடம் நான் எதிர்பார்ப்பது வேறு. குதிரை சிணுங்கும் என்ற பயத்தில் வாரைத் தொய்ய விட்டிருப்பாள். தேவை வந்ததும் வெடுக்கென்று பிடிப்பாள். தொய்வு, வெடுக், தொய்வு, வெடுக். கையில் பிட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடி இருந்து பாருங்கள், எப்போதும் லேசாகப் பிடித்திருப்பதைவிட அந்த வெடுக் எவ்வளவு எரிச்சல் தருகிறது என்று. அப்பா எங்கள் வண்டில் மாட்டின் மூக்கணாங்கயிற்றை அப்படித்தான் பிடித்திருப்பார், இரண்டு விரலுக்கு நடுவில், எப்போதும் ஒரே நிறையில். தூங்கினாலும் அந்தப் பிடி மாறாது. தூங்கியும் இருக்கிறார்.

பந்தயக் குதிரைக்கு இன்னொரு சிக்கல். ஓட்டக்காரர் வாரைச் சேர்த்துப் பிடித்தால் 'இனி ஓடு' என்று அது பழகியிருக்கும். உங்கள் மகள் 'மெதுவாக' என்று பிடிக்கிறாள், செவலை 'ஓடு' என்று கேட்கிறது. அதைப் பிட் மாற்றித் திருத்த முடியாது. நடையில், மெல்லிய பிடியில், மாதக்கணக்கில் திரும்பப் பழக்க வேண்டும். ஒருநாள் அரை மணி போதும், விடியற்காலையில்.

போட்டி விதி சுருக்கமாக. டிரெசாஜ் என்றால் 20 க்கு 40 அல்லது 20 க்கு 60 மீற்றர் களத்துக்குள் சொன்ன நடையைச் சொன்ன இடத்தில் செய்து காட்டுவது. வாயைத் திறப்பது, நாக்கை வெளியே விடுவது, தலையை ஆட்டுவது எல்லாம் புள்ளியைக் குறைக்கும். 1921இல் தொடங்கிய சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதியில் நீண்ட காலமாக ஸ்னாபிளின் குறைந்த தடிப்பு குதிரைக்கு 14 மில்லிமீற்றர், மட்டக்குதிரைக்கு 10. அதனால்தான் மேலே 14 என்றேன். வாய்க்குள் படும் பாகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும், முறுக்குக் கம்பி கூடாது. வாயோரம் தேயாமல் இருக்கப் போடும் இறப்பர் வட்டமும் கூடாது. பலர் அந்த வட்டத்தால்தான் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மூக்குப்பட்டி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க 2025 முதல் ஒரு அளவுகருவியே வைத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு விரல் மூக்கெலும்பின் மேல் தாராளமாக நுழையட்டும். கொழும்பில் உள்ளூர்ப் போட்டி என்றால் ஒழுங்கமைப்பாளர்கள் தங்கள் விதிப்புத்தகத்தை வைத்திருப்பார்கள். பிட்டைப் படம் எடுத்து, தடிப்பையும் எழுதி முன்கூட்டியே அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன சரி வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

பிறகு, தினமும் பழகும் பிட்டைத்தான் போட்டிக்கும் போட வேண்டும். 'நல்ல சேலை' மாதிரி ஒன்றை அன்றைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். இங்கிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். லொறியில் நின்றபடி வரும் குதிரைக்கு வாய் வறண்டிருக்கும், வறண்ட வாயில் எந்தப் பிட்டும் உரசும். முதல் நாளே போய்விடுங்கள். வழியில் தண்ணீர் காட்டுங்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கலன் கொண்டுபோங்கள், ஊர்த்தண்ணீர் மாறினால் குடிக்க மறுக்கிற பிராணி அது.

காம்பில் என்ன அளவு வந்தது என்று எழுதுங்கள்.

கேள்வி: பிட் என்பதே கொடுமை இல்லையா? பிட் இல்லாத தலைவாரோடு போட்டிக்குப் போக முடியாதா?
— மாணவர், திருகோணமலை நகர்

பதில்: தம்பி, தடை தாண்டும் போட்டிக்குப் போகலாம், மூக்கில் மட்டும் அழுத்தும் தலைவாரோடு உலக அரங்கிலேயே தாண்டுகிறார்கள். சர்வதேச டிரெசாஜில் இன்னும் விடுவதில்லை. எனக்கு அது கொஞ்சம் பிடிவாதமாகத்தான் படுகிறது. ஆனால் மூக்கை அழுத்துவதால் மென்மை என்றும் நினைத்துவிடாதீர்கள். குதிரையின் மூக்கெலும்பு கீழ்ப்பக்கம் போகப் போக மெலிந்து வெறும் குருத்தெலும்பில் முடியும். பட்டி அங்கே இறங்கிக் கிடந்தால் மூச்சுக்கே கஷ்டம்.

கேள்வி: ஸ்வீட் ஐயன் என்று சொல்லி ஒரு பிட் அனுப்பினார்கள். ஒரு கிழமையில் துருப்பிடித்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், சீனக்குடா

பதில்: இல்லை. ஸ்வீட் ஐயன் என்பதே துருப்பிடிக்கவென்று விட்ட சாதாரண இரும்புதான். அந்த மெல்லிய துருவின் ருசியில் வாய் ஊறும் என்பார்கள், சில குதிரைக்கு உண்மையாகவே பிடிக்கும். ஆனால் அது உலர்ந்த நாட்டுக் கணக்கு. நமது உப்புக்காற்றில் மெல்லிய துரு இரண்டு நாளில் செதில் செதிலாக வரும். செதில் நாக்கைக் கீறும். தினமும் நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்து வைக்கப் பஞ்சி என்றால் எஃகுக்கு மாறுங்கள். தோல் வாருக்கு மட்டும் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். நான் ஒருதடவை வடிவாகப் பூசி, திண்ணையில் தொங்கவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் கொளுக்கி மட்டும் தொங்கியது, மிச்சத்தை எலி கொண்டுபோய்விட்டது.